மங்கிய கோடும் நானோ உறையும்: டர்பனில் ஒரு கிரிப்டோகாக்கல் மூளையுறை அழற்சி – நிகழ்வு ஆய்வு

நானோ மருத்துவம் என்றதும் இரத்தத்தில் நீந்திச் சென்று புற்றணுவைக் கொல்லும் நுண் இயந்திரங்களைப் படம் போட்டுக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணப் பொது மருத்துவமனைகளில் அது பல ஆண்டுகளாகவே புழங்கிவருகிறது. சோதனைப் பட்டையில் விழும் செந்நிறக் கோடாகவும் குப்பியில் கலக்கிய மஞ்சள் நிறப் பாலாகவும் இருப்பதால் அதை நானோ என்று எவரும் அழைப்பதில்லை. கிரிப்டோகாக்கஸ் எனும் பூஞ்சை மூளையுறையைத் தாக்கிய ஒரே நோயாளியிடம் நோயைக் கண்டறியத் தங்க நானோ துகளும், சிகிச்சைக்கு லிப்போசோம் எனும் கொழுப்பு நானோ உறையும் பயன்பட்ட ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். அடையாளம் வெளிப்படாதிருக்க நோயாளியின் விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மருத்துவமனையின் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது. நான் ஆய்வகத்தைச் சேர்ந்தவன். ஆகவே மருத்துவரின் பார்வையைவிடக் கருவியின் பார்வையே இதில் மேலோங்கியிருக்கும்.

நோயாளி 41 வயது ஆண். டர்பனின் தெற்குப் பகுதியில் சரக்கு வண்டி ஓட்டுபவர். எடை 58 கிலோ. மூன்று வாரங்களாகத் தலைவலி, அதில் கடைசி ஐந்து நாட்கள் வாந்தி, இரட்டைப் பார்வை. ஆடி மாதக் கஞ்சி வார்ப்பன்று கோயிலில் வெயிலில் நின்றதால் வந்த தலைவலி என்று வீட்டார் நினைத்து, வலி மாத்திரையும் நெற்றியில் பற்றும் போட்டிருந்தனர். எச்.ஐ.வி. தொற்று ஏழு ஆண்டுகளுக்கு முன்பே உறுதியாகியிருந்தது. கூட்டு மருந்தை அவர் ஓராண்டுக்கு முன் நிறுத்திவிட்டார். இது அவருடைய அக்காவுக்கு மட்டுமே தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

கவனிக்க வேண்டிய முதல் செய்தி அவர் மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. தலைவலி தொடங்கிய வாரத்திலேயே அருகிலிருந்த மருந்தகத்தில் (கிளினிக்கில்) அவருக்கு இரத்தம் எடுக்கப்பட்டிருந்தது. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் அளவைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 34. தென்னாப்பிரிக்காவில் 2016 முதல், சி.டி.4 எண்ணிக்கை 100-க்குக் கீழே வரும் மாதிரிகளில், மருத்துவர் தனியாகக் கேட்காமலே தேசிய ஆய்வகச் சேவை கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் எதிர்ச்செனியையும் (அதன் உறையிலிருந்து வரும் சர்க்கரையை) தேடிப் பார்த்துவிடும். அப்படியே பார்க்கப்பட்டது, விடை நேர்மறை. மருந்தகச் செவிலியர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்திருக்கிறார். அந்த எண்ணுக்குரிய சிம் அட்டையை நோயாளி மாற்றிவிட்டிருந்தார். முடிவு வந்த நாளுக்கும் அவர் அவசரப் பிரிவில் படுக்க வைக்கப்பட்ட நாளுக்கும் இடையே 11 நாட்கள் கழிந்தன. அதன் பிறகும் இரவுப் பணி மருத்துவரால் அந்த முடிவைக் கணினியில் கண்டெடுக்க முடியவில்லை. முதலி 'மூட்லி' ஆகவும் கவுண்டர் 'கோவெண்டர்' ஆகவும் பதிவான நாடு இது; ஒரே குடும்பத்துக்குள் குலப்பெயருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள் இருப்பது இங்கே புதிதல்ல. மருந்தகச் சீட்டில் ஒரு கூட்டலும் மருத்துவமனைக் கோப்பில் இன்னொரு கூட்டலும் இருந்தன. பத்து நிமிடத்தில் விடை தரும் சோதனை என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த விடை நோயாளியை அடைய எத்தனை நாள் ஆகிறது என்பதை எந்தக் கருவிப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை.

சேர்க்கப்பட்ட இரவில் முதுகுத் தண்டில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீர் எடுக்கப்பட்டது. தொடக்க அழுத்தம் 38 சென்டிமீட்டர் நீருயரம். 25-க்கு மேற்பட்டாலே அது உயர் அழுத்தம். வார்டிலேயே வைத்திருந்த சோதனைப் பட்டையை இளம் மருத்துவர் ஒருவர் நனைத்துப் பார்த்து, பத்து நிமிடம் கழித்து 'எதிர்மறை' என்று எழுதினார். அதே நீரை இந்தியா மையில் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது கறுப்புப் பின்னணியில் வெண்ணிற வளையங்களோடு கூட்டம் கூட்டமாகப் பூஞ்சை அணுக்கள் தெரிந்தன. காலையில் அந்தப் பட்டை என் மேசைக்கு வந்தது. நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குக் கீழே நீர்த்த குங்குமக் கரை போல ஒரு கோடு இருக்கத்தான் செய்தது. உலர்ந்த பட்டையை மறுநாள் படித்து முடிவு சொல்லக் கூடாது என்பதால் சோதனையைப் புதிதாகச் செய்தேன். நீரை ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து நனைத்தபோது கோடு தெளிவாக விழுந்தது. இருபது, நாற்பது மடங்கு என்று போகப் போக அது கருஞ்சிவப்பாயிற்று. 2,560 மடங்கு நீர்த்த கடைசிக் குழாயிலும் மறையவில்லை.

நோய் எவ்வளவு கனமோ கோடு அவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பார். இங்கே அது தலைகீழானதன் காரணம் பட்டையின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. எனவே அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

இத்தகைய பட்டைகளில் பெரும்பாலும் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களே நிறம் காட்டுகின்றன. கட்டித் தங்கம் மஞ்சள் நிறம். அதே உலோகம் இந்த அளவுக்குச் சிறுத்ததும் அதன் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, 520 முதல் 530 நானோமீட்டர் வரையுள்ள பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. சாயம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை, வெளுப்பதும் இல்லை. துகளைப் பெரிதாக்கினால் ஒவ்வொன்றின் நிறமும் கூடும். ஆனால் நைட்ரோசெல்லுலோஸ் தாளின் நுண்துளைகளில் தடையின்றி ஓடுவது குறையும். சிறிதாக்கினால் நன்றாக ஓடும், நிறம் போதாது. 40 என்ற அளவு அந்த இரண்டுக்கும் இடையே செய்துகொண்ட சமரசம். துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதப்பதற்கு அவற்றின் மேலுள்ள எதிர்மின்னேற்றமே காரணம். உப்பு கூடினால் அந்த விலக்கம் தளர்ந்து துகள்கள் திரண்டு நீலமாகிவிடும். ஆகையால் எதிர்ச்செனியைப் பற்றிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருளைத் துகளின் மேல் ஒட்டவைக்கும் கட்டத்தில் அமிலத்தன்மையும் உப்பளவும் சிறிது பிசகினாலும் அந்தத் தொகுதி முழுவதும் பாழ். ஆய்வகத்தில் நூறு பட்டை செய்வது எளிது; ஒரே தரத்தில் பத்து லட்சம் செய்வதுதான் வித்தை.

கிரிப்டோகாக்கஸின் உறை ஒரு பல்சர்க்கரை. ஒரே அமைப்பு அதில் திரும்பத் திரும்ப வருவதால் ஒரு மூலக்கூற்றைப் பல எதிர்ப்பொருள்கள் ஒரே நேரத்தில் பிடிக்க முடியும். தங்கத்தின் மேலுள்ள எதிர்ப்பொருள் அதன் ஒரு பக்கத்தைப் பிடிக்க, தாளின் குறுக்கே கோடாகப் பதித்த எதிர்ப்பொருள் மறு பக்கத்தைப் பிடிக்க, தங்கம் அங்கேயே நின்று கோடாகிறது. சர்க்கரை அளவுக்கு மீறி வந்துவிட்டால் தங்கத்தின் கைகள் யாவும் தனித்தனி மூலக்கூறுகளால் நிரம்பிவிடுகின்றன. தாளின் கைகளும் அப்படியே. இரு பக்கமும் கை நிறைந்திருக்கும்போது நடுவில் கைகோக்க இடமில்லை. தங்கம் கோட்டைக் கடந்து ஓடிப்போகிறது. எதிர்ச்செனி மிகையால் நேரும் இந்தப் பொய் எதிர்மறையை நோய் எதிர்ப்பியல் நூல்கள் நெடுங்காலமாக விவரித்து வருகின்றன. தயாரிப்பாளரின் கையேட்டிலும் இதுபற்றிய எச்சரிக்கை உண்டு. இரவு இரண்டு மணிக்கு வார்டில் கையேட்டைப் புரட்டுபவர் யார் என்பதுதான் கேள்வி.

இந்தப் பட்டையின் மதிப்பீடு குறைபட்டது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மூளையுறை அழற்சி என்று ஐயுறப்பட்ட 832 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், தண்டுவட நீரில் இதன் உணர்திறன் (நோயுள்ளவர்களில் நேர்மறை காட்டும் விகிதம்) 99.3 சதவீதம், தனித்தன்மை (நோயற்றவர்களில் எதிர்மறை காட்டும் விகிதம்) 99.1 சதவீதம். ஒப்பிட்ட இந்தியா மைச் சோதனையின் உணர்திறன் 86 சதவீதமே. அதே ஆய்வுக் குழு, கோட்டின் மேல் லேசர் ஒளியைச் செலுத்தி, தங்கத் துகள்கள் சூடாவதை அகச்சிவப்பில் அளந்து எதிர்ச்செனியின் அளவைக் கணக்கிடவும் முயன்றது. கண்ணுக்குத் தெரியும் அதே துகளை வெப்பமானியாகவும் ஆக்கிய அந்த யோசனை எனக்குப் பிடித்த ஒன்று. ஆனால் எங்கள் வார்டுகளுக்கு அது வரவில்லை, கைவிளக்குதான் வந்தது.

ஆயினும் 99.3 என்ற எண் பயிற்சி பெற்ற கண்கள், நல்ல வெளிச்சம், எழுதிவைத்த நடைமுறை ஆகியவற்றின் நடுவே பிறந்தது. அந்த எண்ணுக்குள் அடங்காமல் எஞ்சும் சிலர் எவர் என்று பார்த்தால், அவர்களில் உடலில் பூஞ்சைச் சுமை மிக அதிகமான, இறப்புக்கு மிக அருகிலுள்ள நோயாளிகளும் இருக்கக்கூடும். தவறும் சோதனைகள் எல்லா நோயாளிகள் மீதும் சீராகப் பரவியிருக்கவில்லை என்றால், சராசரி உணர்திறனைக் கொண்டு ஒரு கருவியை எடைபோடுவது போதாது. இதைத் தவிர்க்க வடிவமைப்பில் வழி இல்லாமல் இல்லை: வெவ்வேறு செறிவுக்குப் பதிலளிக்கும் இரண்டு கோடுகள் கொண்ட, சுமையையும் தோராயமாகச் சொல்லும் பட்டைகள் பின்னர் வந்துள்ளன. அவை இல்லாத இடத்தில், எதிர்மறை என்று தோன்றும் ஒவ்வொரு தண்டுவட நீரையும் ஐந்து மடங்கு நீர்த்து மறுபடி நனைப்பது ஒரு பட்டைச் செலவில் முடிகிற காரியம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டைகள் இருந்த குழாயின் மூடியில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. வார்டில் அந்த மூடி சரியாக அழுத்தப்படாமல் கிடந்ததைக் கண்டேன். டர்பனின் கடற்காற்றில் உப்புக்கே நீர் விட்டுவிடும். உலர வைத்த எதிர்ப்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிகழ்வில் கோடு மங்கியதற்கு அது காரணமல்ல, ஏனெனில் அதே குழாயிலிருந்து எடுத்த பட்டைகளே நீர்த்த மாதிரியில் அழுத்தமான கோடு காட்டின. ஆனாலும் அந்தக் குழாயை அன்றே மாற்றினோம்.

சிகிச்சையின் முதல் படியில் நானோ எதுவும் இல்லை. ஊசி வழியாக 20 மி.லி. நீரை வெளியேற்றியதும் அழுத்தம் 18 சென்டிமீட்டருக்கு இறங்கியது; தலைவலி அந்த மணி நேரத்திலேயே தணிந்தது. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் அதே போல் செய்ய வேண்டியிருந்தது. இந்த நோயில் ஒரு சாதாரண ஊசி காப்பாற்றும் உயிர்களின் எண்ணிக்கையோடு எந்தத் துகளும் போட்டியிட முடியாது.

பூஞ்சையைக் கொல்லும் மருந்து ஆம்ஃபோடெரிசின் பி. 1950-களிலிருந்து கையில் இருக்கும் மருந்து அது. பூஞ்சை அணுவின் மென்படலத்திலுள்ள எர்கோஸ்டெரால் எனும் கொழுப்பைப் பற்றிக்கொண்டு அதைக் குலைக்கிறது. மனித அணுக்களின் மென்படலத்திலுள்ள கொலஸ்டிராலும் அதன் நெருங்கிய உறவுதான் என்பதால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, பொட்டாசியம் கசிந்து வெளியேறுகிறது, இரத்தச் சோகை வருகிறது. நீரில் கரையாத இந்த மருந்தைப் பித்த உப்பான டியாக்சிகோலேட்டில் கலந்து ஏற்றுவதே பழைய முறை. வார்டு மொழியில் அதற்குக் கிடைத்த பட்டப்பெயர்களை இங்கே எழுத முடியாது.

லிப்போசோம் வடிவத்தில் இதே மூலக்கூறு, 100 நானோமீட்டருக்கும் சிறிய, ஒற்றை இரட்டைப்படலம் கொண்ட உருண்டைகளின் சுவருக்குள் செருகப்பட்டிருக்கிறது. அந்தச் சுவரின் கலவை எழுந்தமானமாகத் தேர்ந்தெடுத்ததல்ல. ஹைட்ரஜன் ஏற்றிய சோயா பாஸ்பாடிடில்கோலைன் என்ற பாஸ்போலிப்பிட் வகைக் கொழுப்பு உடல் வெப்பநிலையில் இறுகி நிற்பதால் உருண்டை இரத்தத்தில் எளிதில் உடைவதில்லை. எதிர்மின்னேற்றம் கொண்ட இன்னொரு பாஸ்போலிப்பிட், மருந்தின் நேர்மின்னேற்ற அமினோ தொகுதியோடு இணை சேர்ந்து அதைப் பிடித்துவைக்கிறது. கொலஸ்டிரால் மருந்தையும் சுவரையும் இறுக்கிக் கட்டுகிறது. இவ்வாறு பிணைந்த மருந்து சிறுநீரக அணுக்களின் பக்கம் எளிதில் தாவுவதில்லை. எர்கோஸ்டெரால் உள்ள பூஞ்சையின் மென்படலத்தை நெருங்கும்போது அந்தப் பக்கம் சாய்கிறது. மருந்தைக் குறிபார்த்து அனுப்பும் அம்பு என்று இதைச் சொல்வது மிகை. எங்கே விடக்கூடாதோ அங்கே விடாமல் பிடித்துவைத்திருக்கும் உறை என்பதே பொருத்தம்.

நோயாளிக்குக் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரே ஒரு முறை, அதாவது 580 மி.கி. ஒரு குப்பியில் 50 மி.கி. என்பதால் 12 குப்பிகள். ஒவ்வொன்றிலும் 12 மி.லி. தூய நீர் விட்டு வேகமாகக் குலுக்கி, 5 மைக்ரான் வடிகட்டி வழியாக 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். உப்பு நீர் பட்டால் திரிந்துவிடும். எனவே முன்னதாக ஏற்றிய ஒரு லிட்டர் உப்பு நீருக்குப் பின் குழாயை டெக்ஸ்ட்ரோஸால் கழுவினோம்.

அந்தக் கட்டத்தில்தான் ஒரு விபத்து நூலிழையில் தவறியது. மருந்துக் கிடங்கிலிருந்து வந்த 12 குப்பிகளில் மூன்று பழைய டியாக்சிகோலேட் வகை. பெயர் ஆம்ஃபோடெரிசின் பி, அளவு 50 மி.கி.; எழுத்தில் வேறுபாடு கண்ணில் படவில்லை. நீர் விட்டதும் ஒன்பது குப்பிகள் பால் கலந்தாற்போலக் கலங்கிய மஞ்சளாகவும் மூன்று தெளிந்த மஞ்சளாகவும் இருப்பதைக் கவனித்த மூத்த செவிலியர் கையைப் பிடித்து நிறுத்தினார். பழைய வகையின் நாளளவு கிலோவுக்கு 1 மி.கி. மட்டுமே, பத்து மடங்கு ஏற்றினால் இதயம் நின்றுவிடும். மூன்று குப்பிகள் கலந்தாலே அது அவருடைய நாளளவின் இரண்டரை மடங்குக்கு மேல். ஒளியைச் சிதறடிக்கும் உருண்டைகளின் கலங்கலே இங்கே அபாய அறிவிப்பாக அமைந்தது. அதை எவரும் அந்த நோக்கத்தில் வடிவமைக்கவில்லை.

மருந்தோடு 14 நாட்கள் ஃப்ளூசைட்டோசினும் நாளுக்கு 1,200 மி.கி. ஃப்ளூகோனசோலும் ஆகிய வேறு இரு பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் வாய் வழியே கொடுக்கப்பட்டன. மருந்து ஒரே நாளில் ஏறி முடிந்ததும் அக்கா என்னிடம் தமிழில் கேட்டார்: "தம்பி, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு வாரமா ஏத்துறாங்க. இவனுக்கு ஒரு நாளோட நிறுத்திட்டீங்களே, மருந்து தீர்ந்துபோச்சா?" நியாயமான கேள்வி. நீரேற்றப் பையின் எண்ணிக்கையே கவனிப்பின் அளவுகோல் என்று ஒரு தலைமுறை நோயாளிகளைப் பழக்கியவர்கள் நாங்கள்தான்.

அவர் கேள்விக்கான விடை ஆம்பிஷன் என்ற பெயரில் நடந்து 2022-இல் வெளியான சோதனையில் இருக்கிறது. முதலில் டான்சானியாவிலும் போட்ஸ்வானாவிலும் 80 பேரிடம், தண்டுவட நீரில் பூஞ்சை அழியும் வேகத்தை அளந்து, ஒற்றை அளவு போதுமா என்று பார்த்தனர். அது தேறிய பின்பே ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில், கேப் டவுன் உட்பட, பெரிய சோதனை நடந்தது. பகுப்பாய்வில் இடம்பெற்ற 814 பேரில், பத்தாவது வாரத்துக்குள் இறந்தவர்கள் லிப்போசோம் பிரிவில் 24.8 சதவீதம், ஏழு நாள் பழைய மருந்து பெற்ற பிரிவில் 28.7 சதவீதம். புதிய முறை தாழ்ந்ததல்ல என்று நிறுவ இது போதுமானது. மேலானது என்று நிறுவ அல்ல. கடுமையான பக்க விளைவுகள் லிப்போசோம் பிரிவில் 50.0 சதவீதம், மற்றதில் 62.3 சதவீதம். பூஞ்சை அழிந்த வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது.

இந்தச் சோதனையில் நான் பாராட்டுவது, துகளின் ஆயுட்காலத்தையோ இரத்தச் செறிவையோ இறுதி அளவுகோலாக வைக்காமல் உயிரோடு இருப்பவர்களை எண்ணியதை. தயங்குவது ஓரிடத்தில். லிப்போசோம் பிரிவினர் ஃப்ளூசைட்டோசினை 14 நாட்கள் பெற்றனர். மற்றவர்கள் 7 நாட்களே. ஆகவே கிடைத்த பயனில் நானோ உறையின் பங்கு எவ்வளவு, நீண்ட ஃப்ளூசைட்டோசினின் பங்கு எவ்வளவு என்று இந்த எண்களிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. சிகிச்சை முறை தேறியிருக்கிறது. துகள் தனியாகத் தேர்வு எழுதவில்லை. நானோ மருந்துகளை விற்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

விலையும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. 2018-இல் தயாரிப்பு நிறுவனம் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளுக்குக் குப்பி 16.25 டாலர் என்று அறிவித்தது. அந்தக் கணக்கில் இந்த நோயாளிக்கு 195 டாலர். இதற்கு மாற்றாக மலிவான பொதுப்பெயர் மருந்தைச் செய்வது, மாத்திரை ஒன்றை நகலெடுப்பது போல அல்ல. கலவை அப்படியே இருந்தாலும், உருண்டைகளை எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து மருந்து சுவரில் அமரும் விதம் மாறும், நச்சுத்தன்மையும் மாறும். அதனால்தான் துகளின் அளவுப் பரவலோடு, சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியத்தைக் கசியவைக்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்ற சோதனையும் நடத்தப்படுகிறது. எளிய சோதனைதான், ஆனால் வார்டில் நாம் அஞ்சும் அதே தீங்கைக் குழாயில் அளப்பதால் எனக்கு இது மற்ற பல உயர்ரகக் கருவி அளவீடுகளைவிட நம்பகமாகத் தோன்றுகிறது.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் நோயாளியின் கிரியாட்டினின் அளவு 78-லிருந்து ஏழாம் நாளில் லிட்டருக்கு 91 மைக்ரோமோலாக ஏறி, பதினான்காம் நாளில் 80-க்குத் திரும்பியது. இரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. பதினான்காம் நாள் தண்டுவட நீரை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பார்த்ததில் பூஞ்சை வளரவில்லை. ஆனால் சோதனைப் பட்டையில் கோடு இன்னும் அழுத்தமாகவே விழுந்தது: இறந்த பூஞ்சையின் சர்க்கரை நீங்கப் பல மாதங்கள் ஆகும் என்பதால், கண்டறியச் சிறந்த இந்தக் கருவி குணமாவதைக் கண்காணிக்க உதவாது. இதை அறியாமல் அன்று ஒருவர் சிகிச்சை தோற்றுவிட்டது என்று கோப்பில் எழுதப் போனார், தடுத்துவிட்டோம். எச்.ஐ.வி. மருந்து ஐந்தாம் வாரத்தில் மீண்டும் தொடங்கப்பட்டது. இரட்டைப் பார்வை எட்டாம் வாரத்தில் நீங்கியது. இடது காதில் கேட்கும் திறன் சற்றுக் குறைந்தே இருக்கிறது.

வார்டில் இப்போது தண்டுவட நீரை நேராக ஒன்று, ஐந்து மடங்கு நீர்த்தது ஒன்று என இரண்டு பட்டைகளில் பார்க்கிறார்கள். இருவகை ஆம்ஃபோடெரிசினும் வெவ்வேறு அலமாரிகளில் இருக்கின்றன. ஆய்வக முடிவுகளைக் குலப்பெயரால் அல்லாமல் அடையாள எண்ணால் தேடுமாறு இரவுப் பணியாளர்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. பத்தாவது வாரப் பரிசோதனைக்கு அவர் அக்காவோடு நடந்து வந்தார். முகவரிப் படிவத்தில் ஒரு தொலைபேசி எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது. அக்கா அதன் ஓரத்திலேயே தன்னுடைய எண்ணையும், தெருமுனைக் கடைக்காரரின் எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.